அம்சம் போட்ட அரை ஊசி

நெடுவாக்குடி தெற்குத் தெருவில் முதன்முதலாக நீலக்கரை வைத்த சர்க்கார் வெள்ளைச் சேலை கட்டியவள் அம்சம். தஞ்சாவூரில் இரண்டு வருஷம் நர்சு படிப்புப் படித்துவிட்டு, சொந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. அப்பனும் ஆத்தாளும் பண்ணையார் சாரங்கபாணியின் வயலில் நாற்றுப் பறித்தே முதுகு வளைந்து, மகள் ஊசி பிடித்ததைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் இருந்தது அண்ணன் காத்தான் ஒருவன்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு ஊரில் அவன்தான் செயலாளர்.

வடக்குத் தெருவில் முதலில் சிரித்தார்கள். “நாத்து முடி போட்ட கை ஊசி போட்டா சீழ் வெக்காதா?” என்று கேட்டவளே, ஆறு மாதம் கழித்துத் தன் மகளின் தலைப்பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்தபோது செருப்பில்லாமல் ஓடிவந்து அம்சத்தின் கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு ஊர் வாய் திறக்கவில்லை. ஆனாலும் வடக்குத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அம்சம் கொல்லை வழியாகத்தான் போனாள். போகச் சொன்னார்களா, அவளாகவே போனாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத பழக்கம் அது.

தினமும் காலை ஏழு மணிக்கு அவள் போகும் வீடு பண்ணை வீடு. சாரங்கபாணியின் மனைவி சாவித்திரிக்குச் சர்க்கரை வியாதி. வயதானவர்களுக்கு வருவதுபோல மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. கல்யாணமான மறுவருஷம், இருபது வயதில், ஒரே மாதத்தில் உடம்பு பாதியாக இளைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, மயங்கி விழுந்த பிறகு தெரிந்தது. உடம்பு சுரக்க வேண்டிய இன்சுலின் அவளுக்குச் சுரக்கவே இல்லை. தினம் ஓர் ஊசி. ஒருநாளும் தப்பக் கூடாது. பிள்ளை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு சாரங்கபாணி கூடத்தில் படுக்க ஆரம்பித்தார்.

அம்சம் வந்ததும் ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பாள். சோதனைக் குழாயில் இருக்கும் நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுச் சுடவைப்பாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. கொஞ்சம் இருந்தால் பச்சை. மிஞ்சிப் போனால் செங்கல் நிறம். பிறகு தொடையிலோ வயிற்றிலோ கையிலோ ஊசி. கும்பகோணத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவள் சாவித்திரி. ஊசி போடுகிற நேரத்தில் எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்:

“இந்த வீட்ல என்னைத் தொடறவ நீ ஒருத்திதான், அம்சம்.”

அம்சத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்காரன் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கூலிக்குச் சட்டம் வந்தும் அளக்கிற மரக்கால் மட்டும் மாறாமல் இருந்தது. அந்தத் தை மாதம் சம்பா அறுப்புக்கு அரைப்படி கூட்டித் தந்தால்தான் அரிவாள் எடுப்போம் என்றார்கள் தெற்குத் தெருக்காரர்கள். சாரங்கபாணி மேற்கிலிருந்து லாரியில் ஆள் இறக்க ஏற்பாடு செய்தார். ஒரு திங்கட்கிழமை விடிந்ததும், லாரி வரும் மண்சாலையை வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வெட்டிப் போட்டுவிட்டு, சங்கத்து ஆட்கள் நூறு பேர் கொடியோடு பண்ணை வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் அம்சம் கொல்லை வழியாக உள்ளே போயிருந்தாள்.

ஊசி போட்டுவிட்டுப் பையை மூடிக்கொண்டு அவள் கிளம்பியபோது கொல்லைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாரங்கபாணி முற்றத்து ஓரம் நாற்காலி போட்டு, மடியில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது.

“கதவைத் திறங்கய்யா. நெலயத்துல ஆளுங்க காத்திருப்பாங்க.”

“இருக்கட்டும். நீ இங்கேயே இரு.”

“எதுக்குங்க?”

“வாசல்ல கொடி புடிச்சிட்டு உக்காந்திருக்கறது ஒங்கண்ணன்தானே? தங்கச்சி உள்ள இருக்கற வரைக்கும் தீ வெக்க மாட்டான்.”

“அண்ணன் தீ வெக்க வரலீங்க. கூலி கேக்க வந்திருக்கு.”

“எல்லாவனும் கூலி கேக்கத்தான் வருவான்” என்றார் சாரங்கபாணி. சொல்லும்போது அவர் உதடு உலர்ந்து ஒட்டிக்கொண்டதை அம்சம் பார்த்தாள்.

வெண்மணி எரிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எரிந்தது கூலிக்காரர்களின் குடிசை. ஆனால் அதற்குப் பிறகு பண்ணை வீடுகளில் பழிக்குப் பழி என்ற பயம் புகுந்துவிட்டது. சாரங்கபாணிக்கு அது கொஞ்சம் அதிகம். வேலைக்காரர்கள் முதல் நாளே நின்றுவிட்டார்கள். பத்து அறை கொண்ட மாடிவீட்டில், நெல் நிறைந்த பத்தாயங்களுக்கு நடுவே, மூன்று பேர் மட்டும் இருந்தார்கள்.

பயப்படும்படி ஒன்று அம்சத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஈரமணல் பானையில் வைத்திருந்த இன்சுலின் பாட்டிலில் கடைசிச் சொட்டை அன்று காலை உறிஞ்சியாகிவிட்டது. புதுப் பாட்டில் தஞ்சாவூரிலிருந்து வந்து, சுகாதார நிலையத்தின் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியில் இருந்தது. நடந்து போனால் பத்து நிமிஷம்.

அதைச் சொன்னாள். சாரங்கபாணி நம்பவில்லை.

“வெளிய போறதுக்கு இது ஒரு சாக்கு.”

“நான் போகல. வாசல்ல யாரையாவது கூப்புட்டுச் சொல்றேன், அவங்க கொண்டாருவாங்க.”

“மருந்துல எதைக் கலந்து கொண்டாருவான்னு எனக்குத் தெரியும். போலீஸ் நாளைக்கு வந்துடும். ஒரு நாள் ஊசி போடலன்னா உசிரா போயிடும்?”

ஒரு நாள்தானே என்று அம்சமும் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். சாவித்திரியின் இடது குதிகாலில் ஒரு கொப்புளம் பழுத்துச் சிவந்திருந்ததைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. உடம்பில் சீழ் இருந்தால் சர்க்கரை தறிகெட்டுப் போகும் என்று தஞ்சாவூரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் வரவில்லை. நீல மருந்து செங்கல் நிறத்துக்கு மாறியது. சாவித்திரி சொம்பு சொம்பாகத் தண்ணீர் கேட்டாள். சமைக்க ஆள் இல்லை. அதுவரை கொல்லைத் தாழ்வாரத்தைத் தாண்டாத அம்சத்திடம் சாரங்கபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “உள்ள போய் ஏதாவது கஞ்சி வை” என்றார். அந்தச் சமையல்கட்டின் வாசற்படியில் அவள் ஆத்தாள் நாற்பது வருஷம் கையேந்தி நின்றிருக்கிறாள். அம்சம் உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். அரிசி களைந்து உலையில் போட்டாள்.

கஞ்சி கொதிக்கும்போது வாசல் பக்கம் யாரோ உரக்கப் பேசுவது கேட்டது.

“நர்சம்மா எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சுப்பா. பண்ணைச் சோறு ருசிச்சிடுச்சு.”

அதற்குக் காத்தான் பதில் சொன்னானா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். அவன் குரல் வரவில்லை. ‘நான் அடைபட்டுக் கிடக்கிறேன்’ என்று கத்த வாய் எடுத்தாள். கூடத்தில் துப்பாக்கிக் கட்டை தரையில் இடிபட்டது. வாயை மூடிக்கொண்டாள். உள்ளே இருப்பவனுக்கு அவள் வெளியாள். வெளியே இருப்பவர்களுக்கு அவள் உள்ளாள்.

புதன்கிழமை காலையில் சாவித்திரி வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பத்து மணிக்கு மேல் வாந்தி நின்று, மூச்சு மாறியது. ஆழமாக, வேகமாக, நிறுத்தாமல் மூச்சு வாங்கினாள். கிணறு இறைத்துவிட்டு வந்தவள் போல. மூச்சில் அழுகிப்போன பழத்தின் வாசனை. நாக்கு காய்ந்து பட்டை போல இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, யார் என்று தெரியாமல் பார்த்து, மூடிக்கொண்டாள். கை கால் சில்லிட்டிருந்தது. நாடி நிமிஷத்துக்கு நூற்றி நாற்பது. விரலுக்கடியில் நூல் மாதிரி.

சாரங்கபாணி வந்து பார்த்தார். நாடி சரியாகக் கிடைக்கவில்லை என்றாள் அம்சம். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம் வெளிறியது.

“இழுப்பு! எங்கப்பாவுக்கு வந்த மாதிரியே இழுப்பு.”

அவர் அப்பாவுக்கு ஆஸ்துமா. போன வருஷம் இறந்தார். அவருக்குப் போடுகிற அட்ரினலின் மருந்து இரண்டு மூன்று கண்ணாடிக் குப்பிகள் அலமாரியில் மிச்சம் இருந்தன. ஒன்றை எடுத்துவந்து நீட்டினார்.

“போடு. இதைப் போட்டா அப்பா அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சு உக்காருவாரு.”

“இது இழுப்பு இல்லைங்கய்யா. இழுப்புன்னா மூச்சு அடைக்கும், நெஞ்சுல விசில் சத்தம் வரும். அம்மாவுக்கு மூச்சு தாராளமா போகுது, வருது. இன்சுலின் இல்லாம வந்தது இது.”

“நாடி கெடைக்கலன்னு நீதானே சொன்னே? நாடி ஏறட்டும். போடு!”

இந்த இடத்தில் அம்சம் என்ன நினைத்தாள் என்பதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. துப்பாக்கி அவர் கையில் இருந்தது உண்மை. ஆனால் அதற்குப் பயந்து மட்டும் போட்டதாக அவள் சொல்லவில்லை. இழுப்பில் நீலம் பாரித்துக் கிடந்த கிழவரை இதே மருந்து எழுப்பி உட்கார வைத்ததை அவளே பார்த்திருக்கிறாள். நெஞ்சு துவண்டுபோனால் எழுப்புகிற மருந்து என்றுதான் அவளுக்குத் தெரியும். இப்போது விரலுக்கடியில் ஒரு நெஞ்சு துவண்டுகொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. குப்பியின் கழுத்தை உடைத்து, பாதி மருந்தை உறிஞ்சி, தோளில் போட்டாள்.

மூன்று நிமிஷம் போல நாடி துள்ளியது. அம்சத்துக்கு உயிர் வந்தது. அப்புறம் அந்தத் துள்ளலுக்கு ஒழுங்கு இல்லாமல் போயிற்று. இரண்டு அடிக்கும், ஒன்றை விடும். நாலு அடிக்கும், இரண்டை விடும். துடிப்பு ஏறினதே தவிரப் பலம் ஏறவில்லை. நூல் இன்னும் மெலிந்தது. சாவித்திரி முகத்தில் முத்து முத்தாக வியர்த்தது. உதட்டில் இருந்த கொஞ்ச நிறமும் வடிந்தது.

“இன்னும் பாதி இருக்கே, அதையும் போடு” என்றார் சாரங்கபாணி.

“மாட்டேன்.”

“போடுங்கறேன்!”

“சுட்டுக்குங்க. போட மாட்டேன்.”

எழுந்து மாடிப்படியைப் பார்த்து ஓடினாள். பின்னாலேயே அவர் கத்திக்கொண்டு வருவது கேட்டது. மாடி அறை ஜன்னல் இரண்டு நாளாகச் சாத்திக் கிடந்தது. கொக்கியை நெம்பித் தள்ளினாள். கண் கூசுகிற வெளிச்சம். கீழே வரப்பு வரைக்கும் தலைகள்.

“அண்ணே!”

எல்லாத் தலையும் நிமிர்ந்தது. காத்தான் கொடிக்கம்பத்தின் அடியிலிருந்து எழுந்தான்.

“என்னைப் பூட்டி வெச்சிருக்காங்கண்ணே! நானா இருக்கல! அம்மாவுக்கு உசிரு போகுது. நெலயத்துக் குளிர்ப்பெட்டியில பாட்டில் இருக்கு. ராமாயிகிட்ட கேட்டா எடுத்துத் தரும். ஓடுண்ணே!”

சாரங்கபாணி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கீழே கூட்டம் கொந்தளித்து எழுந்தது. ஒருவன் கல்லை எடுத்தான்.

“கதவை ஒடைப்போம் காத்தான்! நம்ம பொண்ணைப் பூட்டி வெச்சிருக்கான், நீ அவன் பொண்டாட்டிக்கு மருந்து கொண்டாரப் போறியா?”

காத்தான் கல் வைத்திருந்தவனின் மணிக்கட்டைப் பிடித்தான். “கதவை ஒடைச்சா அவன் சுடுவான். என் தங்கச்சிதான் மொதல்ல நிக்கிது” என்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்தைப் பார்த்து ஓடினான். நூறு பேரும் அவன் ஓடுவதையே பார்த்தார்கள்.

கால்மணி நேரத்தில் திரும்பி வந்தான். நிலையத்து ஆயா ராமாயி பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்திருந்தாள். வாசற்கதவை அவன் தட்ட, உள்ளிருந்து பதில் இல்லை. அம்சம் சாரங்கபாணியைப் பார்த்தாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கதவைத் திறக்க அவரால் முடியவில்லை. பிடிவாதம் அல்ல, அந்தக் கை தாழ்ப்பாளுக்குப் போகவே மறுத்தது. அம்சம் கீழே ஓடிக் கிணற்று வாளியையும் தாம்புக் கயிற்றையும் அவிழ்த்து மேலே கொண்டுபோய், வாளியைக் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாக இறக்கினாள். காத்தான் பாட்டிலை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

“அடிச்சானா?”

“இல்லண்ணே.”

மெதுவாக வேலை செய்கிற இன்சுலின் அது. உடனே பலன் தெரியாது என்று தெரிந்தும் போட்டாள். உப்புப் போட்ட தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் பிழிந்தாள், பாதி வழிந்துபோயிற்று. இனி இந்த வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

“கூத்தாநல்லூர் கொண்டுபோகணும். ஹபீப் முகம்மது டாக்டர் இருக்காரு. இங்க கெடந்தா சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிடும்” என்றாள்.

சாரங்கபாணி மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அம்சத்தின் பக்கம் தள்ளினார். துப்பாக்கியை மட்டும் விடவில்லை.

கதவு திறந்தது. யாரும் உள்ளே பாயவில்லை. மாட்டு வண்டியில் கொண்டுபோக வழி இல்லை. சாலையை வெட்டிப் போட்டது அவர்களேதான். காத்தானும் இன்னும் ஐந்து பேரும் கயிற்றுக் கட்டிலோடு சாவித்திரியைத் தூக்கினார்கள். அறுக்காமல் நின்ற கதிருக்கு நடுவே வரப்பில் நடந்து, வாய்க்காலில் மார்பளவு தண்ணீரில் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக் கடந்து, தார்ச்சாலைக்கு வந்து, நீடாமங்கலத்திலிருந்து வந்த ஒரு நெல் லாரியை மறித்தார்கள். வழி முழுக்க அம்சம் கட்டிலோடு ஓடியபடி நாடியை விடாமல் பிடித்திருந்தாள். பின்னால் தள்ளி, துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாரங்கபாணி வந்தார்.

ரங்கூனில் தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் ஹபீப் முகம்மது. கட்டில் உள்ளே வந்ததும் குனிந்து சாவித்திரியின் மூச்சை முகர்ந்தார். வேறு எதையும் கேட்கவில்லை. உப்புநீர் ஏற்றினார், வேகமாக வேலை செய்யும் இன்சுலினை மணிக்கொரு தரம் போட்டார். இருட்டுவதற்குள் நாடி ஓர் ஒழுங்குக்கு வந்தது. மறுநாள் மத்தியானம் சாவித்திரி தண்ணீர் கேட்டாள்.

அப்போதுதான் அம்சம் டாக்டரின் அறைக்குப் போய் அரை ஊசியைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது நின்றுகொண்டே இருந்தாள். அவர் உட்காரச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

“நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டேன் சார். ஏன் ஏறல? கெழவருக்கு ஏறிச்சே?”

“கெழவர் ரத்தம் அப்ப இந்த மாதிரி புளிச்சிருக்காதும்மா” என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இன்சுலின் இல்லாட்டி ஒடம்பால சர்க்கரையை எரிக்க முடியாது. கொழுப்பை எரிக்கும். அதுல வர்ற அமிலம் சேர்ந்து சேர்ந்து ரத்தமே புளிச்சுப்போகும். அந்தப் புளிப்பை வெளியில தள்ளத்தான் அந்த மாதிரி மூச்சு வாங்குச்சு. ஹார்ட்டும் ஒரு சதைதானே? புளிச்ச ரத்தத்துல அந்தச் சதைக்குச் சுருங்குற பலம் கொறஞ்சிடும்.”

“அதுக்குத்தானே சார் அந்த மருந்து?”

“அந்த மருந்தை அவ ஒடம்பே மூணு நாளா கொட்டிக்கிட்டிருந்துச்சு. பயம் வந்தாலும் சரி, ரத்தம் புளிச்சாலும் சரி, ஒடம்பு அட்ரினலினைத்தான் எறக்கும். ஆரம்பத்துல அதை வெச்சுத்தான் ஹார்ட் சமாளிச்சிருக்கு. புளிப்பு ஏற ஏற, அது சொல்றது சதைக்கு ஏறாது. சேத்துல வயிறு வரைக்கும் எறங்கின மாட்டைத் தார்க்குச்சியால குத்துற மாதிரி. துள்ளும், திமிரும், வண்டி நகராது. நாடி தாறுமாறா போனது அதனாலதான். இன்னொண்ணும் இருக்கு. அட்ரினலின் சர்க்கரையையும் ஏத்தும், அமிலத்தையும் ஏத்தும். பயந்துபோன ஒடம்புல இந்த வியாதி ரெண்டு மடங்கு வேகம்.”

“அப்ப நான் போட்டதால...”

“நீ போட்டது அரை மில்லி. நல்லது செய்யல, கெடுதல் கொஞ்சம் செஞ்சிருக்கும். அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணை இங்க கொண்டாந்து சேத்தது மருந்து இல்லாத ரெண்டு நாளு.” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “அந்தச் சதை செத்துப்போகலம்மா. ரத்தம் சரியாச்சுன்னா அதுவும் சரியாயிடும்” என்றார்.

அவர் சொன்னபடியே சனிக்கிழமைக்குள் சாவித்திரி எழுந்து நடந்தாள். நெஞ்சில் ஒரு குறையும் தங்கவில்லை.

மற்றது அவ்வளவு சுலபமாகச் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சாரங்கபாணி அம்சத்தை ஓரமாகக் கூப்பிட்டார். சவரம் செய்து, சலவை வேட்டி கட்டியிருந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய உடைந்த குப்பியை எடுத்துக் காட்டினார்.

“டாக்டர் உத்தரவு இல்லாம நர்சு போட்ட ஊசி. வேலையும் போகும், ஜெயிலும் கெடைக்கும். ஒங்கண்ணன் மேல கொலை முயற்சின்னு எழுதிக் குடுத்திருக்கேன். சாலையை வெட்டி மருந்து வராம தடுத்தான்னு. நீ நோயாளியைப் பாக்க நீயா இஷ்டப்பட்டுத் தங்கினேன்னு கையெழுத்துப் போட்டுட்டா, இந்தக் குப்பி வாய்க்கால்ல போயிடும்.”

அன்று பிற்பகலே சங்கத்து வக்கீல் வந்தார். “பூட்டி வெச்சதை மட்டும் சொல்லும்மா. ஊசி விஷயத்தை மூச்சு விடாத. அதைச் சொன்னா நம்ம கேஸ் படுத்துரும்” என்றார். காத்தான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பக்கமும் அவளிடம் கேட்டது பாதியை. எந்தப் பாதியைக் கொடுத்தாலும் மறுபாதி தெரிந்தவன் கையில் தன் சாவி ஆயுசுக்கும் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. பூட்டிய கதவுக்குள் இரண்டு நாள் இருந்துபார்த்தவள் அவள். மன்னார்குடியில் ஆர்.டி.ஓ. விசாரணையில் பூட்டியதையும் சொன்னாள், ஊசி போட்டதையும் சொன்னாள். துப்பாக்கிக்குப் பயந்துதானே போட்டீர்கள் என்று வக்கீல் எடுத்துக்கொடுத்தபோது, “பாதி அதுக்கு. பாதி நானே பலிக்கும்னு நம்பித்தான் போட்டேன்” என்றாள். வக்கீல் காகிதத்தை மூடி வைத்தார்.

அடுத்து சாவித்திரியைக் கேட்டார்கள். கணவருக்குப் பக்கத்தில் நாற்காலியில், பட்டுச்சேலையில் இருந்தாள். “எனக்கு ஒண்ணும் நெனவில்ல. மயக்கத்துல கெடந்தேன்” என்றாள். அம்சத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

கொலை முயற்சி வழக்கு நிற்கவில்லை. கட்டிலைத் தூக்கிப் போனது யார் என்று லாரி டிரைவரே வந்து சொல்லிவிட்டான். சாலையை வெட்டியதற்குக் காத்தான் மூன்று மாதம் திருச்சி ஜெயிலில் இருந்தான். அம்சத்தை அடைத்து வைத்ததற்கு, சங்கத்து ஆட்களை விட்டால் சாட்சி அவள் ஒருத்தியே என்று சாரங்கபாணி மேல் நடவடிக்கை இல்லை. அம்சத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பதினோரு மாதம் அவள் மறுபடியும் நடவுக்கு இறங்கினாள். வடக்குத் தெருவில் கூப்பிடுவது நின்றது. தெற்குத் தெருவிலும் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேஸை வலுவில்லாமல் செய்துவிட்டாள் என்று கோபம். நடவுப் பெண்கள் மட்டும் மடைக்கரையில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது ஒவ்வொருத்தியாகக் கையை நீட்டி, “நாடி பாரு புள்ள” என்பார்கள். மருந்தில்லாமல் போன இரண்டு நாள்தான் காரணம் என்று ஹபீப் முகம்மது எழுதிய கடிதம் மேலிடத்துக்குப் போய், எச்சரிக்கையோடு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரில் அல்ல, கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம், தாராசுரத்தில்.

ஏழு வருஷம் கழித்து ஒரு மாசி மாதத்துக் காலையில், அங்கே தடுப்பூசி போட வந்த பெண்களின் வரிசைக்குப் பின்னால் சாவித்திரி நின்றிருந்தாள். அக்காள் வீட்டு விசேஷத்துக்கு வந்தவள், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். தலையில் நரை. வரிசை கலையும்வரை பொறுமையாக நின்றாள். அம்சம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“எனக்கு எல்லாம் நெனவிருக்கு, அம்சம்” என்றாள் சாவித்திரி, உட்காராமல். “நீ சுட்டுக்குங்கன்னு சொன்னது, வாளி ஜன்னல்ல இடிச்ச சத்தம், தண்ணிக்குள்ள அவங்க கட்டிலைத் தூக்குனது, எல்லாம். அன்னிக்கு அங்க சொல்லியிருக்கணும்.”

அம்சம் பஞ்சுச் சுருளைச் சுற்றி வைத்தாள்.

“அந்த வீட்டுக்குத்தானே நான் திரும்பிப் போகணும்? சொல்லிட்டு எங்க போவேன்?”

கோபப்பட வேண்டும் என்று அம்சம் ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். சாவித்திரியின் முழங்கைக்கு மேலே ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன தோலைப் பார்த்தபோது கோபம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியவில்லை.

“இன்னும் அதே வீடுதானாம்மா?”

“அதே வீடுதான். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷமாச்சு. நான்தான் ஊட்டிவிடறேன்.” வெளியே ரிக்‌ஷாவில் அக்காள் கூப்பிட்டாள். “உங்கண்ணன்?”

“உச்சவரம்புல மிஞ்சின நெலத்துல ஒரு ஏக்கர் குடுத்தாங்க. கேஸ் நடக்குது. அறுக்க விட மாட்டேங்கறாங்க.”

“யாரு?”

அம்சம் அவள் முகத்தைப் பார்த்தாள். தன் வீடுதான் என்று சாவித்திரிக்குத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்தபடி படியிறங்கிப் போய் ரிக்‌ஷாவில் ஏறினாள். அம்சம் உள்ளே வந்து, மத்தியானத்து ஊசிகளைக் கொதிக்க வைக்க அடுப்பைப் பற்ற வைத்தாள்.